பறிப்பு முடியட்டும், அப்புறம் அழுவோம் – பாலக்கோட்டுல பாத்த ஒரு குறும்படம்

போன ஞாயித்துக்கெழம தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில ஒரு குறும்படம் போட்டுக் காட்டினாங்க, 26 நிமிஷம்தான். எடுத்தது நம்ம பக்கத்துப் பசங்க. படத்துக்கு இன்னும் பேரு முடிவாகலையாம், எங்கயும் போடறதுக்கு முன்னாடி ஊர்க்காரங்க பாத்து சொல்லட்டும்னு வெச்சிருந்தாங்க, அதனால பேரு, ஆளுங்க விவரமெல்லாம் நான் இங்க எழுதல. நான் எங்க அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். அவருக்கு 61 வயசு, காரிமங்கலம் பக்கத்துல ரெண்டரை ஏக்கர், வருஷத்துல ஒரு போகமாவது தக்காளிதான்.

கதைய சொல்லாம இதப் பத்தி எழுத முடியாது, அதனால சொல்லிடறேன். மாரண்டஅள்ளி பக்கம் ஒரு குடும்பம். தாத்தா, மகன், மருமக, ஓசூர்ல கம்பெனிக்குப் போற பேரன், பத்தாவது படிக்கிற பேத்தி. மூணு போர்வெல் போட்டு ரெண்டு தண்ணி வராம பொகையாப் போச்சு, மூணாவதுல தண்ணி விட்டு விட்டு வருது. ராத்திரிதான் மும்முனை கரண்ட் வரும்ங்கறதால தாத்தா மோட்டார் ரூம் வாசல்ல கயித்துக் கட்டில் போட்டு படுத்துக்குவாரு. விடிகாலை மூணரைக்கு மருமக டீ எடுத்துட்டுப் போறா, தாத்தா போயிட்டாரு. அன்னிக்கின்னு பாத்து தோட்டத்துல 60 கூடை பழம் பறிக்க நிக்குது, முந்தின நாள் மண்டியில கிலோ 70 ரூவா, பறிப்பு ஆளுங்க அஞ்சு மணிக்கு வந்துருவாங்க. சாவு சொல்லிட்டா ஆள் ஒருத்தரும் தோட்டத்துல எறங்க மாட்டாங்க, நாளைக்கு காரியம், அதுக்கு மறுநாள் போய் பாத்தா பழம் கொழகொழன்னு ஆயிருக்கும். மூணு வருஷமா நஷ்டம், இந்த ஒரு பறிப்பதான் நம்பிட்டு இருக்காங்க. மருமக புருஷன எழுப்பி சொல்றா, "ஏங்க, மாமா போயிட்டாரு." அவரு எழுந்து உக்காந்து ஒரு நிமிஷம் செவுத்தப் பாக்கறாரு, அப்புறம் கேக்கறாரு, "ஆளுங்களுக்கு போன் பண்ணிட்டியா?" அவ சொல்றா, "சாவுக்கா, பறிப்புக்கா?"

அந்த எடத்துல மாடி முழுக்க சிரிப்பு. எங்க அப்பா சிரிக்கல. எனக்கும் வாயில சிரிப்பு வந்துட்டு நெஞ்சுல என்னமோ அடைச்சுது, அது ஏன்னு கீழ சொல்றேன்.

மதியம் வரைக்கும் சாவ மறைக்கணும், அவ்ளோதான் படம். சிரிக்க வைக்கிற படம்தான், ஆனா சிரிப்ப எங்க வைக்கணும்னு இந்தப் பசங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. வெவசாயிய வெவரம் கெட்டவனா காட்டி சிரிக்க வைக்கிற ஒரு எடம்கூட இல்ல. சிரிப்பு எல்லாம் நேரத்துல இருக்கு, ஒரு மனுஷன் செத்ததுக்கு நமக்கு நேரம் இல்லைங்கற அந்த நெலமையில இருக்கு. இத எங்க ஊர்ல தோட்டம் வெச்சிருக்கற யாரும் ஒடனே புரிஞ்சுக்குவாங்க.

படத்துலயே பெரிய எடம் பக்கத்துத் தோட்டத்துப் பெருசு வர்ற எடம். அவருக்கும் செத்துப்போன தாத்தாவுக்கும் பதினோரு வருஷமா வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்ல. ஆனா தெனம் காலையில ஆறு மணிக்கு அவரு வந்து கட்டில் பக்கத்துல கல்லு மேல உக்காந்து, தாத்தாவப் பாக்காம மாட்டப் பாத்து பேசுவாராம், தாத்தா பதில் சொல்ல மாட்டாராம், அப்படியே கா மணி நேரம் உக்காந்துட்டு எழுந்து போவாராம், இது பதினோரு வருஷப் பழக்கம். அன்னிக்கும் வர்றாரு. மருமக தக்காளி செடிக்குள்ள குனிஞ்சிட்டு அங்கேர்ந்தே பாக்கறா, மகன் கூடைய தூக்கிட்டு அப்படியே நிக்கறான். அவரு வழக்கம்போல உக்காந்து பேசறாரு. மழை பெய்யல, பஞ்சப்பள்ளி அணையில தண்ணி எறங்கிட்டு இருக்கு, பேத்திக்கு மாப்பிள்ளை பாத்திருக்கேன், பெங்களூருல வேலை. தாத்தா பதில் சொல்லல, எப்பவும் சொல்றதில்லையே! மாடியில எல்லாரும் வயித்தப் புடிச்சிட்டு சிரிக்கறாங்க. அவரு எழுந்திரிக்கல. கா மணி நேரம் ஆச்சு, அரை மணி ஆச்சு, கேமரா அப்படியே நிக்குது. யாரோ ஒரு பறிப்பு அம்மா தண்ணி குடிக்க மோட்டார் ரூம் பக்கம் வர்றாங்க, இவரு அங்கிருந்தே சத்தம் போடறாரு, "பெருசு தூங்கறான், அந்தாண்ட போயி குடிம்மா." அப்பதான் நமக்கு ஒறைக்குது. வந்த ஒடனே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கட்டில் கால்ல எறும்பு ஏர்ற மாதிரி ஒரே ஒரு ஷாட் முன்னாடியே காட்டியிருக்காங்க, நாமதான் கவனிக்கல. மதியம் வரைக்கும் அந்த மனுஷன் அந்தக் கல்ல விட்டு எழுந்திரிக்கல.

இத எழுதறப்பவும் எனக்கு கண்ணு கலங்குது. வசனம் ஒண்ணும் கெடையாது, "நான் தெரிஞ்சுதான் உக்காந்தேன்"னு அவரு ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல வெச்சிருந்தா கெட்டுப் போயிருக்கும்.

இப்ப எனக்கு ஏன் நெஞ்சு அடைச்சுதுன்னு சொல்றேன். எங்க பாட்டி செத்தது ஒரு மார்கழி மாசம், விடியக்காலை நாலு மணி. அப்ப எங்ககிட்ட மூணு கறவை மாடு. எங்க பெரியம்மாதான் சொன்னாங்க, "மொதல்ல பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்துருங்க, அப்புறம் சங்கு ஊதலாம்." மாட்டுக்கு மனுஷன் செத்தது தெரியுமா, கறக்கலைன்னா மடி கட்டிக்கும். அப்பா கேன எடுத்துட்டு சைக்கிள்ல போனாரு. வழியில ஒருத்தரு "என்னண்ணே அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேட்டாராம், "நல்லா இருக்காங்க"ன்னு சொல்லிட்டு வந்தாராம். அந்த ஒரு வார்த்தைய அவரு எங்ககிட்ட சொன்னதே பல வருஷம் கழிச்சு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, பாட்டி உள்ள கெடக்கறாங்க நான் வெளிய மாட்டுக்கு தவிடு கலக்கறேன், இத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல, காலேஜுல கூடப் படிச்சவங்ககிட்ட சொல்லல, கல்யாணம் ஆனப்பறம் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. எங்க குடும்பத்துல மட்டும்தான் இப்படி நடந்துச்சுன்னு ஒரு கூச்சம் உள்ள இருந்துட்டே இருந்துச்சு. அந்த மாடியில அறுபது எழுபது பேரு சிரிச்சப்போ பின்னாடி ஒரு பாட்டி பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்றாங்க, "எங்க மாமனாருக்கு நாங்க நாத்து நட்டுட்டுத்தான் அழுதோம்." இன்னொரு அம்மா, "எங்க வீட்லயும்தான்." இந்தப் படத்துக்கு நான் கைய கூப்பறேன், இதுக்குத்தான்.

தாத்தா கையப் பத்தி ஒரு சீன் வருது, அத தனியா சொல்லணும். தக்காளி பறிச்சவங்களுக்குத் தெரியும், செடியில கை பட்டு பட்டு வெரலெல்லாம் பச்சையும் கருப்புமா ஒரு பிசுக்கு ஏறிக்கும், சோப்பு போட்டா மஞ்சளா நொரை வரும், கறை போகாது. தாத்தா முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் செடியில நின்னவரு, கை பூரா அந்தக் கறை. சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள கைய சுத்தம் பண்ணணும். பேத்தி சோப்ப எடுத்துட்டு வர்றா, மருமக வேணாம்னுட்டு கழிவுல கெடந்த ஒரு பழத்த எடுத்து ரெண்டா பிச்சு தாத்தா உள்ளங்கையில வெச்சு தேய்க்கறா, ஒவ்வொரு வெரலா, நகக்கண்ணு வரைக்கும். தக்காளிக் கறை தக்காளி வெச்சு தேய்ச்சா போகும், இது பறிக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வெஷயம். ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடுது அந்த ஷாட், மியூசிக் இல்ல, தூரத்துல கூடை அடுக்கற சத்தம் மட்டும். இத எழுதினவங்க வீட்ல கண்டிப்பா தக்காளி போட்டிருக்காங்க, இல்லைன்னா இது தோணாது.

அதே மாதிரி பட்டா சீன். பேரன் பைக்குல வந்து எறங்கினதும் அப்பாகிட்ட கேக்கறான், "இப்ப நெலம் யாரு பேர்ல?" எல்லாமே தாத்தா பேர்ல. கரண்ட் சர்வீஸ் தாத்தா பேர்ல, 1990ல வெவசாயத்துக்கு கரண்ட் இலவசம் ஆனதுலேர்ந்து அதே கார்டு, சுவத்துல ஆணியில தொங்குது. மகனுக்கு 50 வயசு, முப்பது வருஷமா மண்வெட்டி புடிக்கிறாரு, ஆனா கவர்மெண்ட் கணக்குல அவரு வெவசாயி கெடையாது. பி.எம். கிசான்ங்கற மத்திய அரசு ஒதவித்தொகையில வருஷத்துக்கு 6,000 ரூவா, மூணு தவணையா வர்றது தாத்தாவுக்குத்தான். அந்தத் திட்டத்துல 2019 பிப்ரவரி 1ஆம் தேதி அன்னிக்கி யாரு பேர்ல நெலம் இருந்துச்சோ அவங்களுக்குத்தான் பணம், அதுக்கப்புறம் பேரு மாத்தினவங்களுக்கு கெடையாது, ஆனா நெலத்துக்காரர் எறந்துபோயி வாரிசுக்கு வந்தா மட்டும் உண்டு. இத பேரன் போன்ல படிச்சுக் காட்டறான். அப்பா கேக்கறாரு, "அப்ப இன்னிலேர்ந்து நான் வெவசாயியா?" பேரன், "இல்லப்பா, எறப்புச் சான்றிதழ் வாங்கணும், வாரிசு சான்றிதழ் வாங்கணும், பட்டா மாத்தணும், அப்புறம்தான்." இதுக்கு மாடியில யாரும் சத்தமா சிரிக்கல, ஒரு மாதிரி மூச்சு விட்டாங்க. எங்க வீட்லயும் பட்டா இன்னும் எங்க தாத்தா பேர்லதான் பிரிக்காம கெடக்குது, அத்தைங்க மூணு பேரு கையெழுத்து வேணும், ஒருத்தங்க பெங்களூருல.

மண்டி சீன் வேகமா போயிடுது, ஆனா கணக்கு சரியா இருக்கு. குட்டியானை வண்டியில 62 கூடை ஏத்திட்டு எட்டு மணிக்குப் போறாங்க. முந்தின நாள் 70க்குப் போனது அன்னிக்கி 31. மதனப்பள்ளி, கோலார் பக்கம் மழை விட்டு லோடு எறங்கிருச்சு, அங்க வரத்து ஏறினா இங்க வெலை படுத்துரும், எங்களுக்கு இது மனப்பாடம். 2023 ஜூலையில கிலோ 100 ரூவாவத் தாண்டிப் போனப்போ டிவியில எல்லாம் தக்காளிக்காரன் கோடீஸ்வரன் ஆயிட்டான்னு சொன்னாங்க. அதப் பாத்து ஊரு பூரா நாத்து வாங்கி நட்டோம், நாங்களும்தான். நட்டு அறுவது அறுவத்தஞ்சு நாள்ல மொத பறிப்பு வரும், அதாவது செப்டம்பர். செப்டம்பர்ல வெலை பத்து ரூவாக்கும் கீழ போச்சு. நாங்க ஒரு மண்டியில போட்ட மூணாவது லோடுக்கு கமிஷன், வண்டி வாடகை, எறக்குக்கூலி எல்லாம் புடிச்சுட்டு கையில கொடுத்தது பறிப்புக்கூலிக்குக்கூட பத்தல. நாலாவது லோட அப்பா மண்டிக்கு எடுத்துட்டுப் போகல, ரோட்டோரம் கொட்டி மாட்டுக்கு விட்டாரு. அதனால படத்துல அந்த மகன் "31"ன்னு கேட்டுட்டு திரும்ப ஒரு தடவ "எவ்ளோ?"ன்னு கேக்கறப்போ அந்த நடிகர் மூஞ்சிய நான் பாக்கல, எங்க அப்பா மூஞ்சியதான் பாத்தேன்.

அப்புறம் சீட்டு. மண்டி சீட்ட பத்து செகண்டு ஸ்க்ரீன் முழுக்க காட்டறாங்க, நான் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன். கூடைக்கு 25 கிலோ, 62 கூடை, 1,550 கிலோ, 31 ரூவா, மொத்தம் 48,050. கமிஷன் 4,805. வண்டி வாடகை 2,500. எறக்குக்கூலி 620. பழைய அட்வான்ஸ் கழிவு 15,000. மீதி 25,125. வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரே மூச்சுல சாவு சொல்றாங்க, பொம்பளைங்க அழ ஆரம்பிக்கறாங்க, மகன் சட்டைப்பையில அந்தக் காசோட நிக்கறாரு. ஐஸ் பொட்டிக்காரரு வர்றாரு, பந்தல்காரரு வர்றாரு, மேளம், மாலை, எல்லாருக்கும் அதுலேர்ந்தே எடுத்து எடுத்து கொடுக்கறாரு. கடைசியில நெத்தியில வெக்க ஒரு ரூவா காசு வேணும். வீட்ல யார்கிட்டயும் சில்லற இல்ல, எல்லாம் போன்லயே அனுப்பிப் பழகிட்டாங்க. பேத்தி ஸ்கூல் பையத் தேடறா, பேரன் பைக் கவர்ல தேடறான். பக்கத்துத் தோட்டத்துப் பெருசு மடியிலேர்ந்து எடுத்து கொடுக்கறாரு. அங்க எல்லாரும் சிரிச்சோம், எங்க அப்பா அந்த ஒரே எடத்துலதான் சிரிச்சாரு, சிரிச்சுட்டு துண்டால மூஞ்ச தொடச்சுக்கிட்டாரு.

கொறைங்க இருக்கு, அதையும் சொல்றேன், இன்னும் திருத்தப் போறாங்கன்னா ஒதவும். மண்டி ஓனரா வர்றவரு மதுரைப் பேச்சு பேசறாரு, நம்ம பக்கத்து மண்டியில அப்படி ஒரு கொரல் கேக்கவே கேக்காது, இங்க தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்துல கலந்து வரும். பறிப்பு பொம்பளைங்க பேச்சுல அத அழகா புடிச்சிருக்காங்க, ஒரு அம்மா தெலுங்குலயே ஒப்பாரி வெக்கறாங்க, கீழ தமிழ் எழுத்துப் போடாம விட்டது ரொம்ப நல்ல முடிவு, அந்த அக்கறை மண்டி சீன்லயும் இருந்திருக்கலாம். அடுத்தது தண்ணி. போர்ல தண்ணி விட்டு விட்டு வருதுன்னு சொல்லிட்டு டைட்டில்ல ட்ரோன் வெச்சு மோட்டார்லேர்ந்து முழு குழாயா தண்ணி கொட்டற மாதிரி காட்டறாங்க. பாக்க அழகா இருக்கு, ஆனா பொய்யா இருக்கு. அதத் தூக்கிருங்க. கூடை எல்லாம் பளபளன்னு புதுசு, மண்டிக்கூடை ஒண்ணாவது ஒடைஞ்சு கம்பி போட்டுக் கட்டியிருக்கும்.

எனக்குப் பெரிய வருத்தம் மருமக விஷயத்துல. மூணரைக்கு எழுந்தது அவ, சாவப் பாத்தது அவ, மறைக்கலாம்னு முடிவு எடுத்தது அவ, அறுபது கூடை பறிப்புக்கு நின்னது அவ, கை கழுவி விட்டது அவ. ஆனா மண்டியிலேர்ந்து சீட்டு வந்தப்பறம் படம் முழுக்க ஆம்பளைங்க மூஞ்சிலயே நிக்குது. காச எண்ணும்போது அவ எங்க இருக்கான்னே தெரியல. எங்க வீட்ல கணக்கு நோட்டு எங்க அம்மாகிட்டதான் இருக்கும், பால் கணக்கு, கூலிக் கணக்கு, நகைக்கடன் வட்டி கட்டற தேதி எல்லாம் அவங்க தலையிலதான் இருக்கு. அந்த 25,125 ரூவாய அவ கையில கொடுத்து அவ பிரிச்சுக் கொடுக்கற மாதிரி எடுத்திருந்தா படம் இன்னும் ஒரு படி மேல போயிருக்கும். படம் முடிஞ்சு பேச விட்டப்போ எழுந்து நின்னு இத சொன்னேன், டைரக்டர் தம்பி நோட்டுல எழுதிக்கிட்டாரு.

கடைசி ரெண்டு நிமிஷப் பாட்டும் வேணாம். நெத்தியில காசு வெச்சதோட முடிச்சுரலாம்.

நடிப்புல தாத்தாவா படுத்திருக்கறவருதான் எனக்கு ஆச்சரியம். மொத்தப் படத்துலயும் ஒரே ஒரு சீன்தான் உசுரோட வர்றாரு, முந்தின நாள் சாயங்காலம், செங்காய் எது பழம் எதுன்னு பேத்திக்கு காட்டிக் கொடுத்துட்டு, "நாளைக்கு யாரு செத்தாலும் சரி, இதப் பறிச்சுப் புடணும்"னு சும்மா போற போக்குல சொல்லிட்டுப் போறாரு. அந்த வசனம் மொதல்லயே வந்துருது, அப்ப யாரும் கண்டுக்கல. நாலு மணி நேரம் கட்டில்ல அசையாம கெடந்தவரு நெஜத்துல மாரண்டஅள்ளி பக்கத்துல தோட்டம் வெச்சிருக்கறவராம், நடிகர் இல்லையாம்.

வீட்டுக்கு வர்ற வழியில அப்பா வண்டி பின்னாடி உக்காந்துட்டு ரொம்ப நேரம் பேசல. காரிமங்கலம் வந்தப்பறம் சொன்னாரு, "அந்த மூணாவது வரிசை செடிக்கு குச்சி கட்டாம விட்டிருக்கான், பழம் மண்ணுல படுது பாரு." கொஞ்ச தூரம் போயி, "பால் கேனோட போனேன்ல அன்னிக்கி" அப்படின்னாரு. நான் "ம்"னேன்.

அம்பது பேரு உக்கார எடம் இருந்தா எந்த ஊருக்கும் வந்து போட்டுக் காட்டறோம்னு சொன்னாங்க, காசு கேக்கல, ப்ரொஜெக்டர் அவங்களே கொண்டு வர்றாங்க, கரண்டும் ஒரு வெள்ளைச் செவுறும் இருந்தா போதுமாம். எங்க ஊரு மாரியம்மன் கோயில் முன்னாடி எடம் இருக்கு. பறிப்பு இல்லாத ஒரு வாரமா பாத்து கூப்பிடறதா சொல்லிட்டு வந்திருக்கேன், எங்க பெரியம்மாவ மொத வரிசையில உக்கார வெக்கணும்.